முந்நூறு டிகிரியில் கரியை எரிப்பது எப்படி? டீசல் வடிகட்டிக்குள் உலோகங்கள் செய்யும் வேலை

ஊருக்குள் ஓடும் டீசல் காரின் புகை பெரும்பாலும் 150 முதல் 350 டிகிரி செல்சியஸ் வரைதான் சூடாக இருக்கும். அந்தப் புகையோடு வரும் கரித்துகள் தானாக எரிந்து தீர வேண்டுமென்றால் 550, 600 டிகிரி தேவை. நடுவில் குறைந்தது 200 டிகிரி பள்ளம். டீசல் புகையைச் சுத்தம் செய்யும் தொழில்நுட்பத்தின் நாற்பது ஆண்டு வரலாறு என்பது பெரும்பாலும் இந்தப் பள்ளத்தைத் தாண்டிய வரலாறுதான். பிளாட்டினம், சீரியம், பொட்டாசியம், வெள்ளி என்று பல உலோகங்கள் இதில் வேலை செய்திருக்கின்றன. ஆனால் எந்த உலோகம் வலிமையானது என்பதைவிட, அந்த உலோகம் கரியை எப்படித் தொடுகிறது என்பதுதான் இங்கே பெரிய கேள்வி. அது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி என்பதால் அதை வைத்தே இந்தக் கதையைச் சொல்கிறேன்.

முதலில், கரியைப் பிடித்து வைத்து எரிப்பானேன்? உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012இல் டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் சேர்த்தது. டீசல் கரியின் அடிப்படைத் துகள் ஒவ்வொன்றும் 20, 30 நானோமீட்டர் குறுக்களவு கொண்ட ஒரு குட்டி உருண்டை. பல உருண்டைகள் ஒட்டிச் சேர்ந்து, நூறு நானோமீட்டர் அளவில் கொத்துக் கொத்தாக வெளியே வரும். இந்த அளவுத் துகள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காது, நுரையீரலின் அடிவரை போய்விடும். காற்றில் மிதக்கும்போது வெயிலை உறிஞ்சிக்கொள்வதால் பூமியைச் சூடாக்கும் பொருள்களில் அதுவும் ஒன்று.

அதனால் சைலன்சருக்கு முன்பாகவே ஒரு வடிகட்டி வைக்கிறார்கள். மெக்கானிக்குகள் டிபிஎஃப் என்று சொல்வது அதைத்தான். தேன்கூட்டு அமைப்பில் ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள் கொண்ட பீங்கான் கட்டி அது. ஒரு குழாயின் பின்வாயும் அடுத்த குழாயின் முன்வாயும் மாறி மாறி அடைக்கப்பட்டிருக்கும். உள்ளே வந்த புகைக்கு வேறு வழியில்லை, குழாய்ச் சுவரின் நுண்துளைகள் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும். நல்ல வடிகட்டி, கரித்துகள்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிடித்துவிடுகிறது. பிரச்சினை அதற்குப் பிறகுதான். கரி சேரச் சேரப் புகை வெளியேறத் திணறும், எஞ்சின் இழுவை குறையும், டீசல் அதிகம் குடிக்கும். சேர்ந்ததை அங்கேயே எரித்து கரியமில வாயுவாக்கி அனுப்பியே ஆக வேண்டும்.

சூடு குறைவு என்றால் மெதுவாக எரியட்டுமே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஏன் நடக்காது என்று புரியும். வினையூக்கி, அதாவது தான் தீராமல் வினையை வேகப்படுத்தும் பொருள், இல்லாமல் கரி ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதற்கான கிளர்வு ஆற்றல், அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை, மோலுக்கு ஏறக்குறைய 150 கிலோஜூல். அதை வைத்துக் கணக்கிட்டால், 600 டிகிரியில் இருக்கும் எரியும் வேகம் 300 டிகிரியில் சுமார் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அதாவது 600 டிகிரியில் பத்து நிமிடத்தில் தீர்கிற கரி, 300 டிகிரியில் தீர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். சூட்டைப் பாதியாக்கினால் வேகமும் பாதியாகும் என்ற நம் வழக்கமான கணக்கு வேதிவினைகளுக்குப் பொருந்துவதில்லை.

இத்தனைக்கும் டீசல் புகையில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமே கிடையாது. டீசல் எஞ்சின் தேவைக்கு மிஞ்சிய காற்றோடு ஓடுவதால், வெளிவரும் புகையில் 5 முதல் 15 சதவீதம் வரை ஆக்சிஜன் மிச்சமிருக்கும். ஆனால் அது இரண்டிரண்டு அணுவாக இறுகப் பிணைந்த மூலக்கூறு. அந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்கு 498 கிலோஜூல் வேண்டும். கரியும் லேசுப்பட்டதல்ல. அதன் உள்ளே கார்பன் அணுக்கள் கிராஃபைட்டில் இருப்பதுபோல அடுக்கடுக்கான ஏடுகளாக, ஆனால் ஒழுங்கு குலைந்து அடுக்கப்பட்டிருக்கின்றன. ஏட்டின் நடுவில் இருக்கும் அணு யாரோடும் எளிதில் வினைபுரியாது, ஓரத்தில் இருக்கும் அணுக்களைத்தான் ஆக்சிஜன் பிடிக்க முடியும்.

வினையூக்கி செய்வது, ஆக்சிஜன் மூலக்கூறை முன்கூட்டியே உடைத்து, வினைக்குத் தயாரான ஆக்சிஜனாகக் கரியின் கையில் கொடுப்பது. இதில் சீரியம் ஆக்சைடு கெட்டிக்காரப் பொருள். சீரியம் அணுவால் நான்கு நேர்மின்சுமை நிலையிலும் இருக்க முடியும், மூன்று நிலையிலும் இருக்க முடியும். இரண்டுக்கும் இடையே எளிதாகப் போய்வரும். தன் படிகத்துக்குள் இருக்கும் ஆக்சிஜனில் ஒன்றைக் கரிக்குக் கொடுத்துவிட்டு மூன்றாம் நிலைக்கு இறங்கும். உண்டான வெற்றிடத்தைப் புகையில் இருக்கும் ஆக்சிஜனால் நிரப்பிக்கொண்டு மறுபடி நான்காம் நிலைக்கு ஏறும். கரி எரிவது காற்றின் ஆக்சிஜனால்தான், ஆனால் அது சீரியத்தின் வழியாகக் கைமாறி வருகிறது. மாங்கனீசு, கோபால்ட், தாமிர ஆக்சைடுகளும் ஏறத்தாழ இதே வழியில் வேலை செய்கின்றன.

சீரியம் தமிழ் மண்ணுக்குப் பழக்கமான உலோகமும்கூட. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் இருக்கிறது. அதிலுள்ள அருமண் தனிமங்களில் கிட்டத்தட்டப் பாதி சீரியம். முதல் உலகப் போருக்கு முன்பே ஜெர்மானியர்கள் இந்த மணலைத் தேடி வந்தது விளக்குக்காக. பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலில் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடும் இருந்தன. அந்த ஒரு பங்கு இல்லாவிட்டால் மேண்டில் அவ்வளவு வெளிச்சம் தராது.

சரி, கரியை எரிக்கச் சீரியம் ஆக்சைடை வடிகட்டியின் சுவரில் பூசிவிட்டால் வேலை முடிந்ததா? இங்கேதான் தொடுதல் பற்றிய சிக்கல் வருகிறது. நாம் அறிந்த பெரும்பாலான வினையூக்கிகளில் வினைபுரியும் பொருள்கள் வாயுவாகவோ திரவமாகவோ இருக்கும். அவை தாமாக மிதந்து வந்து வினையூக்கியின் பரப்பில் படியும். பெட்ரோல் காரின் வினையூக்கி மாற்றியில் கார்பன் மோனாக்சைடு அப்படித்தான் பிளாட்டினத்தின் மேல் வந்து உட்காருகிறது. கரி திடப்பொருள், வினையூக்கியும் திடப்பொருள். ஒரு கூடைப் பட்டாணியின் மேல் இன்னொரு கூடைப் பட்டாணியைக் கொட்டினால் எத்தனை புள்ளிகளில் அவை ஒன்றையொன்று தொடும்? அவ்வளவு சொற்பமான இடத்தில்தான் ஆக்சிஜன் கைமாற முடியும். மேலே மேலே படிகிற கரிக்கோ அடியில் இருக்கும் வினையூக்கியோடு தொடர்பே இல்லை.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாகோப் மூலைன், மிகியெல் மாக்கே ஆகியோரின் குழு 1990களில் இதைத் தெளிவாக வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. ஒரே கரி, ஒரே வினையூக்கி. ஒரு மாதிரியில் இரண்டையும் சிறு கரண்டியால் லேசாகக் கலந்தார்கள். இன்னொன்றில் அரவை இயந்திரத்தில் போட்டு நன்றாக அரைத்தார்கள். அரைத்த கலவை, லேசாகக் கலந்ததைவிட நூறு டிகிரிக்கும் மேல் குறைந்த சூட்டிலேயே எரிந்த உதாரணங்கள் உண்டு. வேதிப்பொருள் எதுவும் மாறவில்லை, நெருக்கம் மட்டும்தான் மாறியது. உண்மையான வடிகட்டியில் கரி எப்படிப் படிகிறது என்று பார்த்தபோது, அது அரைத்த கலவையைப்போல் இல்லை, கரண்டியால் கலந்ததைப்போலத்தான் இருந்தது. அதற்கு முன்பு, அரைத்து வைத்துப் பரிசோதித்துவிட்டு அற்புதமான வினையூக்கி கண்டுபிடித்துவிட்டதாக எழுதப்பட்ட கட்டுரைகள் பல. இன்றும் இந்தத் துறையில் ஒரு ஆய்வுக் கட்டுரையைப் படித்தால் நான் முதலில் தேடுவது, கரியையும் வினையூக்கியையும் எப்படிக் கலந்தார்கள் என்ற வரியைத்தான். அந்த வரி இல்லாமல் சொல்லப்படும் வெப்பநிலைக்கு மதிப்பில்லை.

2008இல் டென்மார்க்கின் டாப்சோ நிறுவன ஆய்வாளர்கள், சூடும் ஆக்சிஜனும் உள்ள நிலையிலேயே மின்னணு நுண்ணோக்கியின் அடியில் கரியும் சீரியம் ஆக்சைடும் வினைபுரிவதைப் பார்த்தார்கள். கரி தேய்ந்தது இரண்டும் தொட்டுக்கொண்டிருந்த எல்லைக்கோட்டில்தான். அங்கே தேயத் தேயக் கரிக்கொத்து வினையூக்கியை நோக்கி நகர்ந்து வந்தது, அதாவது தொடர்பு அறுந்துபோகவில்லை. அடுத்தடுத்து வந்த எல்லாத் தீர்வுகளையும் இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒவ்வொன்றும் தொடுதலைக் கூட்டுகிற ஒரு உத்தி என்பது தெரியும்.

2000இல் பிரான்சின் பேஜோ நிறுவனம் தன் 607 காரில் செய்தது மிக நேரடியான உத்தி. வினையூக்கியைச் சுவரில் பூசுவானேன், டீசலிலேயே கலந்துவிடுவோம் என்றார்கள். சீரியம் சேர்மம் கரைந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்து, ஒவ்வொரு முறை டீசல் நிரப்பும்போதும் துளியளவு சேர வைத்தார்கள். டீசல் எரியும்போது சீரியம் ஆக்சைடு கரித்துகளோடு ஒன்றாகவே பிறக்கிறது, கரியின் உள்ளேயே புதைந்து கிடக்கிறது. எந்த அரவை இயந்திரமும் தர முடியாத நெருக்கம் அது. எரியும் வெப்பநிலை 550இலிருந்து 450 டிகிரிக்கு இறங்கியது. மிச்ச இடைவெளியை எஞ்சின் கணினி பார்த்துக்கொண்டது. சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை கொஞ்சம் டீசலைத் தாமதமாகச் செலுத்தி, புகையைச் சூடாக்கி, கரியைக் கொளுத்திவிடும். தொடர் உற்பத்தியில் வடிகட்டியோடு பரவலாக விற்பனைக்கு வந்த முதல் கார் என்ற பெயர் இதற்கு உண்டு. குறை என்னவென்றால், கரி எரிந்த பிறகும் சீரியம் ஆக்சைடு சாம்பலாக வடிகட்டியிலேயே தங்கிவிடும். தொடக்க கால வடிகட்டிகளை 80,000 கிலோமீட்டரில் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது.

டீசலில் எந்த உலோகத்தையும் கலந்துவிடலாம் என்று நினைக்கக் கூடாது. தாமிரம் கரியை எரிப்பதில் கெட்டி. ஆனால் புகையில் குளோரின் இருந்தால் டயாக்சின் என்ற கொடிய நச்சு உருவாவதற்கும் அதே தாமிரம் துணை போகும். சுரங்கப்பாதைத் தொழிலாளர்களைக் காக்க வடிகட்டிகளைச் சோதித்த சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்து எச்சரித்தார்கள். ஒரு நஞ்சை எரிக்கப்போய் இன்னொன்றை உண்டாக்கும் ஆபத்து இந்தத் துறையில் எப்போதும் உண்டு.

அடுத்த உத்திதான் எனக்கு இவை எல்லாவற்றிலும் அழகானதாகப் படுகிறது. பிரிட்டனின் ஜான்சன் மாத்தே நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1980களின் இறுதியில் முன்வைத்தது அது. திடமும் திடமும் தொட முடியாதா, சரி, நடுவில் ஒரு வாயுவை ஓடவிடுவோம். டீசல் புகையில் நைட்ரிக் ஆக்சைடு ஏற்கெனவே இருக்கிறது. வடிகட்டிக்கு முன்னால் பிளாட்டினம் பூசிய ஒரு தேன்கூட்டை வைத்தால், அது நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும். ஆக்சிஜனைவிட நைட்ரஜன் டை ஆக்சைடு கரியைப் பல மடங்கு எளிதாக எரிக்கக்கூடியது, 250 டிகிரியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். வாயு என்பதால் கரிக்கொத்தின் எந்த இடுக்குக்குள்ளும் நுழையும். பிளாட்டினம் ஒரு கரித்துகளைக்கூடத் தொடுவதில்லை. நகர்ப் பேருந்துகளிலும் லாரிகளிலும் இது நன்றாக எடுபட்டது, ஏனென்றால் தனியாகச் சூடேற்ற வேண்டியதில்லை, ஓடும்போதே கரி தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கும்.

இதற்கும் எல்லைகள் உண்டு. 400 டிகிரிக்கு மேல் போனால் வேதிச் சமநிலை எதிர்த் திசைக்குச் சாய்ந்து, நைட்ரஜன் டை ஆக்சைடு உருவாவது குறையும். புகையில் கரியைவிட நைட்ரஜன் ஆக்சைடுகள் எடையில் பல மடங்கு இருக்க வேண்டும், குறைந்தால் கரி முந்திக்கொள்ளும். கரியோடு வினைபுரியாமல் மிஞ்சுகிற நைட்ரஜன் டை ஆக்சைடோ குழாய் வழியாகத் தெருவுக்கு வந்துவிடும். ஐரோப்பிய நகரங்களின் சாலையோரங்களில் 2000களில் நைட்ரஜன் டை ஆக்சைடு எதிர்பார்த்தபடி குறையாமல் போனதற்கு இத்தகைய பிளாட்டின வினையூக்கிகளும் ஒரு காரணம். பின்னால் யூரியா கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடுகளை அழிக்கும் இன்னொரு வினையூக்கியை இணைத்த பிறகுதான் அது கட்டுக்குள் வந்தது.

எல்லாவற்றையும்விடப் பெரிய எதிரி கந்தகம். டீசலில் கந்தகம் இருந்தால் புகையில் கந்தக டை ஆக்சைடு இருக்கும். பிளாட்டினத்துக்கு வேண்டியது வேண்டாதது தெரியாது, அதையும் ஆக்சிஜனேற்றி சல்ஃபேட் துகள்களாக மாற்றிவிடும். நைட்ரிக் ஆக்சைடு உட்கார வேண்டிய இடத்தைக் கந்தகம் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் இந்தக் கருவி முதலில் வேரூன்றியது, 1990களின் தொடக்கத்திலேயே கந்தகம் மிகக் குறைந்த நகர்ப்புற டீசலை விற்ற சுவீடனில். இந்தியாவில் அதே காலத்தில் டீசலில் பத்தாயிரம் பி.பி.எம். வரை, அதாவது ஒரு சதவீதம் வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. பாரத் ஸ்டேஜ் என்ற இந்திய வாகன மாசு விதிகளில், பிஎஸ் 3 காலத்தில் 350 பி.பி.எம்., 2017இல் நாடு முழுவதும் வந்த பிஎஸ் 4இல் 50, ஐந்தைத் தாண்டிக் குதித்து 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6இல் 10. நம் டீசல் கார்களில் வடிகட்டி பொதுவானது பிஎஸ் 6 வந்த பிறகுதான். வாகன நிறுவனங்களின் விளம்பரங்களில் எஞ்சினின் பெருமை மட்டுமே பேசப்படுகிறது. ஆனால் சுத்திகரிப்பு ஆலைகள் பெரும்பணம் செலவிட்டுக் கந்தகத்தை நீக்கியிராவிட்டால் இந்த வினையூக்கிகளில் ஒன்றுகூட இங்கே நீடித்திருக்காது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

மூன்றாவது உத்தி, வினையூக்கியையே உருக வைப்பது. டெல்ஃப்ட் குழு சீசியம், வனேடியம் கலந்த உப்புகளை முயன்றது. அவற்றில் ஒன்று சுமார் 375 டிகிரியில் உருகி, கரியின் மேல் பரவி நனைத்துவிடும். பொட்டாசியமும் சூட்டில் இடம்விட்டு இடம் நகரும் குணம் கொண்டது, அதனால் தொடுதல் பிரச்சினை அதற்குக் குறைவு. ஆய்வகத்தில் இவை பிரமாதமாக எரித்தன. வண்டியிலோ, குளிர்ந்த குழாயில் நீராவி ஒடுங்கித் தண்ணீராகும்போது உப்பு கரைந்து போகும், அதிகச் சூட்டில் ஆவியாகும். நகர்கிற குணமே அதன் பலமாகவும் பலவீனமாகவும் ஆகிவிட்டது.

நான்காவதாக, ஜப்பானில் டொயோட்டாவின் மத்திய ஆய்வகம் வெள்ளியைக் கொண்டுவந்தது. நடுவில் வெள்ளித் துகள், அதைச் சுற்றிலும் நுண்ணிய சீரியம் ஆக்சைடு மணிகள். தங்கள் ஊர்ச் சோற்றுருண்டையின் பெயரையே ஆய்வாளர்கள் அந்த அமைப்புக்கு வைத்தார்கள். வெள்ளி, புகையின் ஆக்சிஜனைத் துடிப்பான வடிவமாக்கித் தருகிறது. அது சீரியம் ஆக்சைடின் பரப்பின் வழியாக ஊர்ந்து கரிக்குப் போய்ச் சேர்கிறது. கரண்டியால் லேசாகக் கலந்த நிலையிலும் 300 டிகிரிக்குக் கீழே கரி எரியத் தொடங்கியது என்பதுதான் இதில் முக்கியம். இங்கே நகர்வது வினையூக்கி அல்ல, ஆக்சிஜன். பிளாட்டினத்தைவிட வெள்ளி மிகவும் மலிவு என்பதும் இந்த வழியில் எனக்கு நம்பிக்கை தருகிற இன்னொரு காரணம்.

இவ்வளவு இருந்தும் நம் ஊர் டீசல் கார்களில் ஏன் டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு எரிகிறது? பள்ளிக்கூடம், கடை, அலுவலகம் என்று மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி நிற்கும் காரில் புகை 200 டிகிரியையே எட்டாது. பிளாட்டினம் விழிப்பதற்குள் எஞ்சின் அணைந்துவிடும். அப்புறம் கணினி கூடுதல் டீசலைச் செலுத்தி 600 டிகிரிக்குச் சூடேற்றிக் கரியைக் கொளுத்தப் பார்க்கும். பாதியில் வண்டியை நிறுத்தினால் அதுவும் அரைகுறை. அப்படிச் செலுத்திய டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும், ஆயில் அளவு ஏறுவதைச் சிலர் கவனித்திருப்பார்கள். விளக்கு எரிந்தால், கையேட்டில் சொல்லியிருக்கும் வேகத்தில், பொதுவாக 60 கிலோமீட்டருக்கு மேல், கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நெடுஞ்சாலையில் நிற்காமல் ஓட்டச் சொல்வது, புகைக்கு அந்தச் சூடு கிடைக்கத்தான்.

விளக்கைப் பல வாரம் கண்டுகொள்ளாமல் ஓட்டுவது ஆபத்து. கரி அளவுக்கு மீறிச் சேர்ந்த வடிகட்டியில் தீப்பிடித்து, அந்த நேரம் பார்த்து வண்டி சிக்னலில் நின்றால், சூட்டை வெளியே கொண்டுபோகும் புகையோட்டம் சட்டென்று குறையும், ஆக்சிஜன் விகிதமோ கூடும். உள்ளே ஆயிரம் டிகிரியைத் தாண்டிப் பீங்கான் விரிசல் விடும். சில ஒர்க்ஷாப்புகளில் வடிகட்டியின் உட்பகுதியையே வெட்டி எடுத்துவிட்டு, கணினியை ஏமாற்றும் மென்பொருளும் ஏற்றித் தருகிறார்கள். இழுவை கூடலாம். ஆனால் அந்த வண்டிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வருகிறவரின் நுரையீரலுக்குத்தான் அந்தக் கரி முழுதும் போகிறது. அதைச் செய்து கொடுப்பவர்கள் மீதும் செய்யச் சொல்பவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு.

கரி எல்லாம் ஒழுங்காக எரிந்தாலும் வடிகட்டி நிரம்பும். எஞ்சின் ஆயிலில் சேர்க்கப்படும் கால்சியம், மக்னீசியம், துத்தநாகச் சேர்மங்கள் சிறிதளவு எரிந்து சாம்பலாகக் குழாய்களின் கோடியில் சேர்ந்துகொண்டே போகும். எந்த வினையூக்கியாலும் அதை எரிக்க முடியாது, அது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். வடிகட்டியைக் கழற்றி எதிர்த்திசையில் காற்று ஊதியோ கழுவியோதான் எடுக்க முடியும். அது சீக்கிரம் நிரம்பாமல் இருக்கச் சாம்பல் குறைந்த ஆயில் ஊற்ற வேண்டும். வடிகட்டி உள்ள கார்களுக்கான ஐரோப்பிய ஆயில் தரக் குறியீடுகள் சி2, சி3 என்று சி எழுத்தில் தொடங்கும். ஆயில் மாற்றும்போது கையேட்டில் போட்டிருக்கும் குறியீடுதான் டப்பாவிலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.